மேல் வீட்டு வாந்திபேதி கழிவுக்குழாய் வழியாகக் கீழ் வீட்டுக்கு வருமா?

மே 5 – கேள்வி (கும்பகோணம் வாசகர்)

மூன்று மாடி அடுக்குவீட்டில் கீழ்த்தளம் எங்களுடையது. மேல் வீட்டுக் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை வாந்திபேதி. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, ஆனால் கழிவுக்குழாய் ஒன்றுதான். எங்கள் குளியலறை மூலையில் ஒரு மாதமாக நாற்றம். மேலே ஃப்ளஷ் செய்தால் எங்கள் ஜாலியில் குளுக் குளுக் என்று சத்தம். ஹாங்காங்கில் குழாய் வழியாகவே நோய் பரவியதாக வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா சார்?

மே 5, இரவு

ஹாங்காங் செய்தி உண்மை. 2003 மார்ச்சில் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியது. 300 பேருக்கு மேல் தொற்று, 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு நோயாளி மார்ச் 14, 19 இரண்டு நாளும் ஈ பிளாக்கில் ஒரு வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தினார். அங்கே குளியலறைத் தரை ஜாலிகளும் மலக்குழாயும் ஒரே செங்குத்துக் குழாயில் சேர்கின்றன. ஜாலிக்கு அடியில் இருக்கும் ட்ராப்பில் தண்ணீர் நின்றால்தான் குழாய்க் காற்று அறைக்குள் ஏறாது. தரையில் தண்ணீர் ஊற்றாமல் துணியால் துடைத்தே வந்ததால் பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது குழாய்க்குள்ளிருந்த நுண்திவலைகள் ஜாலி வழியாக அறைக்குள் இழுபட்டன. பிறகு வெளிச்சக்கிணறு (வெளிச்சத்துக்காகக் கட்டடத்தில் மேல்வரை திறந்துவிட்ட இடைவெளி) வழியாக மற்ற மாடிகளுக்கும் ஏறின. 2020-இல் சீனாவின் குவாங்சோவில் ஒரே செங்குத்து வரிசையில் 15, 25, 27-ஆம் மாடி வீடுகளில் 9 பேருக்குக் கோவிட் வந்தபோதும் ஆய்வாளர்கள் படுக்கையறைக் கழிப்பறைக் குழாயைத்தான் சந்தேகித்தார்கள்.

உங்கள் வீட்டு விஷயம் வேறாக இருக்கலாம். நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். ரோட்டா வைரஸுக்கு இரண்டு நாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எந்த வழிக்கும் பொருந்தும், அதை வைத்துக் குழாய்மேல் பழி போட முடியாது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் மாடிப்படிக் கைப்பிடியும் கேட் தாழ்ப்பாளும் பொதுதான். முதலில் இதைச் சொல்லுங்கள்: இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்த்தொட்டி ஒன்றா?

மே 6

ஒரே சம்ப், ஒரே மேல்தொட்டி என்கிறார். சம்ப் மூடி தரைமட்டத்தில், அதிலிருந்து ஆறடியில் பாதாளச் சாக்கடைச் சேம்பர். அப்படியானால் நான் முதலில் சந்தேகப்படுவது சம்ப்பைத்தான். ஜாலி அடுத்தது. நாற்றமும் சத்தமும் ஜாலிப் பக்கம் கையைக் காட்டுகின்றன, வாந்திபேதி தண்ணீர்ப் பக்கம் காட்டுகிறது. இரண்டும் தனித்தனிப் பழுதுகளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

ஜாலிச் சோதனைக்குச் செலவே இல்லை. குளியலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜாலிக்கு ஒரு அங்குலம் மேலே அசையாமல் பிடியுங்கள். புகை நேராக ஏறினால் ட்ராப்பில் தண்ணீர் நிற்கிறது. ஜாலி ஓட்டையிலிருந்து யாரோ ஊதுகிற மாதிரி புகை கலைந்து விலகினால் உங்கள் ஃபேன் சாக்கடைக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இதை அறைக்குள் இருக்கும் ஜாலியில் மட்டும் செய்யுங்கள். செப்டிக் டேங்க் மூடி, மேன்ஹோல் பக்கம் நெருப்பே வேண்டாம், உள்ளே மீத்தேன் இருக்கும்.

மே 7

கும்பகோணத்திலேயே வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் விட்டுவிட்ட விஷயம், அப்படியே தருகிறேன்:

‘சார், ஊதுபத்தி எல்லாம் அப்புறம். முதல்ல ஜாலியைக் கழட்டி உள்ளே கப்பு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. பாதி வீட்ல இருக்காது. முடி அடைச்சு தண்ணி நிக்கும், வேலைக்கு வர்றவங்க கப்பைத் தூக்கி வெளிய வெச்சிடுவாங்க, தண்ணி ஜோரா போகும், யாரும் திரும்ப மாட்ட மாட்டாங்க. கப்பு இல்லாட்டி அது ட்ராப்பே இல்ல, நேரா சாக்கடைக்குத் திறந்த ஓட்டை.’

அண்ணன் சொல்வது சரி. கப்பு வைத்த நஹானி ட்ராப்பின் (குளியலறைத் தரை ட்ராப்) முழு வேலையும் அந்தக் கவிழ்த்த கப்பில்தான் இருக்கிறது. அதன் விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருக்கும் ஆழமே வாட்டர் சீல். சும்மா ஈர்க்குச்சியை விட்டு நனைந்த நீளத்தை அளந்தால் தப்புக் கணக்கு வரும், அது பாத்திரத்தின் ஆழம். கப்பின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பல ஜாலிகளில் 20, 25 மில்லிமீட்டர்தான் வரும்.

அந்த 50 எதற்கு? ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 10 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். 50 மில்லிமீட்டர் 500 பாஸ்கல் தாங்கும். மேல்மாடியில் பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் குழாய்க்குள் விழும் தண்ணீர்க் கட்டி தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும், முன்னால் தள்ளும். குழாயில் காற்று வர வழி இல்லாவிட்டால் அந்த இழுப்பில் 25 மில்லிமீட்டர் சீல் போய்விடும். குளுக் குளுக் சத்தம் அதுதான்.

மே 9

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் சாக்கடை வாடை அடிக்கும். ட்ராப் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேன் போடாமல் ஊற்றுங்கள். விருந்தினர் அறைக் கழிப்பறை, மாடி வாஷ்பேசின், வாஷிங்மெஷின் குழாய், மேற்கத்தியக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் இதே முறை. ஒரு மாதம் வரமாட்டீர்கள் என்றால் கிளம்பும்போது தண்ணீர்மேல் ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

மே 10

திருத்தம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சித்திரையில் ஒன்றும் செய்யாது, மார்கழியில் ஜாலிக்குள் கட்டியாக உறைந்து முடியோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் 15 மில்லி போதும், கெட்டுப்போகாது, உறையாது. தினமும் புழங்கும் ஜாலியில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

நிரந்தரமான வழி பக்கவாட்டு இன்லெட் உள்ள மல்ட்டி ஃப்ளோர் ட்ராப். வாஷ்பேசின் கழிவை அதற்குள் விட்டால் கை கழுவும்போதெல்லாம் சீல் தானே நிரம்பிக்கொள்ளும். தரையைக் கழுவினோமா துடைத்தோமா என்ற கவலை இல்லை. புதிதாக வீடு கட்டுபவர்கள் தளம் போடும் முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு மாற்றினால் குளியலறைத் தரையையே உடைக்க வேண்டும்.

மே 14

கழிவுக்குழாய்க்குள் காற்று வந்துபோக விடும் வென்ட் பைப் பற்றிக் கொஞ்சம். 110 மில்லிமீட்டர் மலக்குழாய் மொட்டைமாடி வரை அதே அளவில் போய், மேலே கௌல் (காற்று போக ஓட்டை உள்ள மூடி) மாட்டித் திறந்திருக்க வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், மொட்டைமாடியில் வற்றல் காயப்போடும்போது நாற்றம் என்று மூடி போட்டு சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுகிறார்கள். அல்லது மாடி எடுத்துக் கட்டும்போது மேஸ்திரி குழாயைச் சுவரோடு புதைத்துவிடுகிறார். அன்றிலிருந்து கீழ்வீட்டு ஜாலிகள் மூச்சுவிட ஆரம்பிக்கும். நாற்றம் வந்தால் குழாயை உயர்த்துங்கள், அடைக்காதீர்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் முடிந்தால் அந்தக் காற்று மறுபடி வீட்டுக்குள்தான் வரும். கொசுவுக்கு நைலான் வலை கட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி பார்த்து மாற்ற வேண்டும்.

கோவிட் குழாய் வழியாக வந்ததா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். மலத்தில் அதன் மரபுப்பொருள் நிறையக் கிடைத்தது, உயிருள்ள வைரஸ் அரிதாகவே கிடைத்தது. பெரும்பாலான தொற்று ஒரே அறையில் இருந்த ஆட்கள் விட்ட மூச்சில்தான் வந்தது. குழாய் வழி நடக்கக்கூடியது, அபூர்வமானது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஜாலியில் தண்ணீர் இருந்தால் போதும்.

மே 22

மயிலாடுதுறையிலிருந்து ஒரு அம்மா: ‘எங்கள் தெருவில் மூன்று வாரத்தில் ஆறு பேருக்கு மஞ்சள் காமாலை. ஜாலியெல்லாம் பார்த்தாயிற்று, தண்ணீர் இருக்கிறது. வேறு என்ன பார்க்க?’

அம்மா, காமாலைக்கு ஜாலி வேண்டாம். தெருக் குடிநீர்க் குழாயைப் பாருங்கள். இந்தப் பேச்சு ஹாங்காங்கில் ஆரம்பித்ததால் எல்லோருடைய கவனமும் காற்றிலேயே நின்றுவிட்டது, அதில் என் பங்கும் உண்டு. முப்பது மாடிக் கட்டடத்தில் காற்று ஆபத்து. நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஆபத்து தண்ணீர்க்குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் கிடப்பதில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். தெரு மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் அரை அங்குலக் குழாய், வாசல் சாக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். பல வீடுகளில் சாக்கடைச் சுவரில் ஓட்டை போட்டு, சாக்கடைக்குள்ளேயே படுக்கவைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். ஜி.ஐ. குழாய் என்றால் அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். பி.வி.சி. என்றால் சாக்கடை தூர் வாரும் மண்வெட்டி படும் இடம் அதுதான். ஊசிமுனை ஓட்டை போதும். தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டையிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே கசியும், யாருக்கும் தெரியாது. தண்ணீர் நின்றதும் மெயின் காலியாகும், குழாய்க்குள் வெற்றிடம், ஓட்டை மூழ்கிக் கிடக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். மறுநாள் திறந்ததும் அதுவே முதல் தண்ணீராக வரும்.

இதற்குமேல் மோட்டார். மெயினில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு வீட்டில் மோட்டார் ஓடினால் பக்கத்து வீட்டுக் குழாயில் இருக்கும் ஓட்டையிலிருந்து சாக்கடையை அந்த மோட்டார் இழுக்கும். சம்ப் கட்டி, தண்ணீர் தானாக விழவிட்டு, சம்ப்பிலிருந்து மட்டும் மோட்டார் போட வேண்டும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது: தண்ணீர் வரும் நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து, குழாய் சாக்கடையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். சாக்கடையில் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் தெளிவாகவோ குமிழியிட்டோ இருந்தால் அங்கே கசிவு. காமாலை வந்த ஆறு வீட்டையும் ஒரு காகிதத்தில் தெருப்படம் வரைந்து குறியுங்கள். வரிசையாக, மெயினின் கடைசிப் பக்கம் விழுந்தால் உடைப்பு அவர்களுக்கு மேலே ஓரிடத்தில் இருக்கிறது. அந்தப் படத்தோடு போனால் குழாய் ஆய்வாளருக்கு வேலை சுலபம். குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கி, தாண்டும் இடத்தில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக, இரண்டு அங்குல உறைக்குழாய்க்குள் விட்டுக் கொண்டுவர வேண்டும்.

மே 22, இரவு

‘முதல் ஒரு பக்கெட்டைக் கீழே கொட்டிவிட்டுப் பிடிக்கிறோம், போதாதா?’ என்கிறார்கள். கணக்குப் பாருங்கள். அரை அங்குலக் குழாயில் 20 மீட்டருக்கு மூன்றரை லிட்டர்தான் நிற்கும், அதை உங்கள் பக்கெட் கழுவிவிடும். தெருவில் ஓடும் 90 மில்லிமீட்டர் குழாயிலோ மீட்டருக்கு ஐந்தரை லிட்டர், 100 மீட்டருக்கு 550 லிட்டர். உடைப்பு தெருவில் இருந்தால் ஒரு பக்கெட் கொட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரச்சினை தீரும்வரை குடிக்கிற தண்ணீரை, பல் துலக்குகிற தண்ணீரைக்கூட, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். தெருவில் கர்ப்பிணி இருந்தால் இன்றே சொல்லுங்கள். தண்ணீரில் பரவும் காமாலை வைரஸான ஹெபடைட்டிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகும். கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் பேரைக் கொல்லும். கீழாநெல்லியை நம்பி அவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மே 23

மயிலாடுதுறைத் தெருத் தண்ணீரைச் சோதித்தார்கள், கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இல்லை, ஆகவே தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டார்களாம். இதற்கு 1955 டெல்லியைப் படிக்க வேண்டும். யமுனை வழிமாறியதில் நஜஃப்கர் சாக்கடை, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது. ஊழியர்கள் விழிப்பாக இருந்தார்கள், படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டு கூடவில்லை, பாக்டீரியா செத்துவிட்டது. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைட்டிஸ் இ என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. குடல் வைரஸ்கள் பலவும் குளோரினை கோலிஃபார்மைவிட அதிக நேரம் தாங்கும். கோலிஃபார்ம் இருந்தால் தண்ணீர் கெட்டது என்று அடித்துச் சொல்லலாம். இல்லையென்றால் வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டு ஃபில்டர் பற்றியும் இங்கேயே. ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்கள் 30 நானோமீட்டர் அளவு, ரோட்டா 70. பீங்கான் கேண்டிலின் துளை அதைவிடப் பல மடங்கு பெரிது, அப்படியே நுழைந்து போகும். ஆர்.ஓ. மெம்பரேன் கிழியாமல் இருந்தால் தடுக்கும். யு.வி. விளக்கு ஆயுள் முடிந்தபிறகும் நீலமாக எரியும், எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

மே 24

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் அளவு கேட்டவர்களுக்கு: 1,000 லிட்டருக்கு 4 கிராம். 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். பொடியை அப்படியே தூவக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த மேல்நீரை மட்டும், தொட்டி பாதி நிரம்பியபோது ஊற்றி, மீதியை நிரப்புங்கள், தானே கலக்கும். அரைமணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள்.

மே 25

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. 4 கிராம் கணக்கு, பொடியில் 25 சதவீதம் குளோரின் இருந்தால்தான் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தரும். நம் ஊர் ஈரக்காற்றில் வாய் திறந்து வைத்த மூட்டை சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். கட்டி தட்டியிருந்தால், மூக்கில் ஏறும் வாடை இல்லையென்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். கிராமை நம்பாமல் குளோரோஸ்கோப்பை நம்புங்கள். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. தொட்டிக்கடியில் பார்த்துப் பயனில்லை, தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் 0.2, காமாலை, வாந்திபேதி இருக்கும்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரினை அழுக்கே தின்றுவிடும், அப்போது எத்தனை போட்டாலும் 0.5 நிற்காது.

வாந்தி விழுந்த தரைக்கு இதே பொடி லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். முதலில் பழைய பேப்பரால் அள்ளிவிட்டு, கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அதே குளியலறையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் அன்று ஆசிட் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, கதவு சாத்திய அறையில் ஆளையே கொன்றுவிடும். கைக்கு சானிடைசரை நம்பாதீர்கள், நோரோ அதற்குச் சரியாகச் சாகாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும்.

ஜூன் 14

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து: ‘எங்களுக்குப் பாதாளச் சாக்கடையும் இல்லை, மெயினும் இல்லை. உறை இறக்கிய கழிப்பறை, அடிபம்பு. இதில் என்ன வரும்?’

இதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் அமைப்பு. கடலோரத்தில் ஆழமாகப் போனால் உப்பு, நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது. அதனால் பம்பும் மேலோட்டமாகத்தான் இறங்குகிறது, கழிப்பறை உறையும் அதே மண்ணில் இறங்குகிறது. வைரஸைப் பிடித்து வைப்பது ஈரமில்லாத மண். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் 2 மீட்டர் காய்ந்த மண் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் வந்து வயலில் கட்டினதும் இங்கே அந்த 2 மீட்டர் இருக்காது. ஐப்பசியில் உறைக்குள்ளேயே ஊற்று வந்துவிடும். அப்போது கழிவும் குடிநீரும் ஒரே தண்ணீர்தான்.

செய்யக்கூடியவை: குழிக்கும் பம்புக்கும் குறைந்தது 10 மீட்டர், இடம் இருந்தால் 18. பம்பு மேட்டிலும் குழி பள்ளத்திலும். உறையை ஆழமாக இறக்காதீர்கள், மூன்று நான்கு உறையோடு நிறுத்தி அகலமாக இரண்டு குழி போடுங்கள், ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாற்றலாம். தண்ணீர் மட்டம் மேலேயே நிற்கும் இடத்தில் குழிமேட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். பம்பின் சிமெண்ட் மேடையில் விரிசல் இருந்தால் இந்த வாரமே பூசுங்கள். மேடையில் தேங்கும் தண்ணீர் அந்த விரிசலில் இறங்கி, குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே நேராக ஊற்றுக்குப் போகும். பம்பைச் சுற்றிப் பாத்திரம் விளக்குவது, குழந்தைக்குக் கால் கழுவுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் நிம்மதியடைய வேண்டாம். அதில் ஒரு நாள் தங்கி வெளியேறும் தண்ணீரில் திடப்பொருள்தான் குறைந்திருக்கும், வைரஸ் அப்படியே இருக்கும். வெளிக்குழாயை வாய்க்காலில் விடுவது, கீழே குளிப்பவருக்கு நேராகக் கொடுப்பதுதான்.

ஜூலை 2

செப்டிக் டேங்கைக் காலிசெய்ய லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை இறக்காதீர்கள், 2013 சட்டப்படி குற்றம், இறங்கியவர் உயிரோடு ஏறுவார் என்ற உறுதியும் இல்லை. லாரி எங்கே கொட்டப்போகிறது என்றும் கேளுங்கள். பதில் சுத்திகரிப்பு நிலையம் என்று வர வேண்டும்.

ஆகஸ்ட் 1

ஆடிப்பெருக்குக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு: மேட்டூர் திறந்து கடைமடைக்கு வரும் முதல் தண்ணீர், கோடையெல்லாம் வறண்ட வாய்க்காலில் விழுந்த சாக்கடையைக் கழுவிக்கொண்டு வருகிறது. நுரையும் கறுப்பும் போய்த் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தபிறகு இறங்குங்கள். ஊருக்குக் கீழ்ப்பக்கத் துறையைவிட மேல்பக்கத் துறை நல்லது. முங்கும்போது வாயை மூடச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் விழுங்குவதுதான் ஆபத்து. காப்பரிசியைக் கை கழுவிவிட்டுக் கொடுங்கள்.

அக்டோபர் 27

இரண்டு நாள் மழை. பாதாளச் சாக்கடை மேன்ஹோல் பொங்கும் தெருக்களில் தரைத்தளக் கழிப்பறையில் தண்ணீர் மேலே ஏறினால் மேல்வீட்டுக்காரர்களை ஃப்ளஷ் செய்ய வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். அவர்கள் விடுவது உங்கள் வீட்டுக்குள்தான் வரும். மணல் நிரப்பிய பையை ஜாலிமேலும் கோப்பையிலும் வையுங்கள்.

சம்ப்புக்குள் தெருத்தண்ணீர் போயிருந்தால், சந்தேகம் இருந்தாலே, முழுவதும் இறைத்துவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி 1,000 லிட்டருக்கு 200 கிராம் பொடியின் தெளிநீரை விட்டு 24 மணி நேரம் வைத்து, அதையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். மேல்தொட்டிக்கும் அப்படியே. அந்த 24 மணி நேரத்தில் குடிக்க, சமைக்க அந்தத் தண்ணீர் ஆகாது.

நவம்பர் 9

மே மாதம் கேள்வி கேட்ட கும்பகோணம் வாசகர் எழுதியிருக்கிறார். ஜாலியில் கப்பு இல்லை, பிளம்பர் அண்ணன் சொன்னபடியே. வென்ட் பைப் இரண்டாம் மாடிச் சுவருக்குள் முடிந்திருந்தது, மொட்டைமாடி வரை உயர்த்திவிட்டார்கள், சத்தமும் நாற்றமும் நின்றுவிட்டன. சம்ப்பை இறைத்தபோது சேம்பர் இருக்கும் பக்கச் சுவரில், சம்ப்பின் அடித்தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கறுப்பாக ஈரக்கோடு. விரலை வைத்தால் சொட்டியதாம். சாக்கடைச் சேம்பரின் உள்பூச்சு உதிர்ந்து, ஆறடி மண்ணைத் தாண்டி அங்கே கசிந்திருக்கிறது. மே மாத வாந்திபேதிக்கு அதுதான் காரணம் என்று இப்போது நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அந்தச் சுவரைப் பார்த்தபிறகு வேறு காரணம் தேட எனக்கு மனம் வரவில்லை.

சேம்பருக்கு உள்ளே வாட்டர்ப்ரூஃப் கலந்த பூச்சு, சம்ப்பின் வாயைத் தெருமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்துவது, மூடிக்கு ரப்பர் வாஷர், மூன்றையும் செய்தாயிற்று. சம்ப்பையே எதிர்ப்பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்கிறார். முடிந்தால் மாற்றுங்கள். மண்ணுக்குள் இருக்கும் சிமெண்ட் சுவர் எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டிசம்பர் 20

மயிலாடுதுறை அம்மாவின் தெருவில் சாக்கடைக்குள் கிடந்த நான்கு இணைப்புகளை மாற்றிவிட்டார்கள். கோடைக்குப் பிறகு புதிதாக யாருக்கும் காமாலை இல்லை என்று எழுதியிருந்தார். நேற்று ஒரு பையனுக்குக் கண் மஞ்சளாகியிருக்கிறது, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு ஆகவில்லை என்கிறார்கள், கல்யாணம் போன வாரம்.

அம்மா, போன வாரச் சாப்பாடு இருக்காது. ஹெபடைட்டிஸ் ஏ என்றால் இரண்டு முதல் ஏழு வாரம், இ என்றால் இரண்டு முதல் பத்து வாரம் உள்ளே இருந்துவிட்டுத்தான் கண்ணில் தெரியும். பின்னோக்கி எண்ணுங்கள், அக்டோபர் மழையிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை எங்கேயும் இருக்கலாம். அந்த நாட்களில் பையன் எங்கே தண்ணீர் குடித்தான், பள்ளியிலா, டியூஷனிலா, அங்கே சம்ப் மூடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தெருக் கடைசிக் குழாயில் குளோரினையும் இன்று மாலைக்குள் ஒருமுறை பார்த்து எழுதுங்கள்.

டிசம்பர் 20, இரவு

கடைசிக் குழாயில் 0.1 என்று எழுதியிருக்கிறார். டேங்க் ஆபரேட்டரிடம் இன்றே சொல்லி, 0.5 வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.